கணக்கே காவல்!

(‘மக்கள் பிரதிநிதியின் நேர்மைக்குக் காவல் மனசாட்சியா? கணக்கா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘கணக்கே!’ என்ற அணிக்குத் தலைமையேற்று ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரே அமர்ந்து எங்களை முறைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணியின் தோழர்களே! அரங்கம் நிறைய அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே குக்கரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் இல்லத்தரசிகளே! குக்கர் பக்கமே திரும்பாமல் எங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் இல்லத்தரசர்களே! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் பேசி முடித்தபோது அரங்கம் அதிர்ந்தது. நானும் கைதட்டினேன். காமராசரைச் சொல்லிக் கைதட்டு வாங்குவது தமிழ்நாட்டிலே பெரிய காரியமில்லை. அந்தப் பெயரே போதும். ஆனால் கைதட்டிக்கொண்டே ஒன்றை யோசித்தேன், நடுவர் அவர்களே. அவர் என்ன சொன்னார்? ‘ஒன்பது ஆண்டு முதலமைச்சராக இருந்த மனிதர் வாடகை வீட்டிலே குடியிருந்தார், அந்த வாடகை வீட்டிலேயே கண்ணை மூடினார்’ என்றார். ‘கக்கன் அவர்கள் அமைச்சராக இருந்துவிட்டு, கடைசிக் காலத்திலே அரசு மருத்துவமனையில் சாதாரண வார்டிலே படுத்திருந்தார்’ என்றார்.

ஐயா, இதெல்லாம் என்ன? வீடு சொந்தமா வாடகையா? கையிருப்பு எவ்வளவு? படுக்கை எந்த வார்டில்? இதற்கெல்லாம் பேர் என்ன? கணக்கு! (கைதட்டல்) மனசாட்சி இருந்தது என்று நிரூபிக்க நீங்களே கணக்கைத்தானே எடுத்து மேசையில் வைத்தீர்கள்! காமராசரின் மனசாட்சியைக் கண்ணால் பார்த்தவர் யார்? அவருடைய வீட்டை எல்லோரும் பார்த்தோம். வீட்டைப் பார்த்துத்தானே மனசாட்சியைத் தெரிந்துகொண்டோம்? ஆக, எதிரணித் தலைவர் இதுவரை எங்கள் அணிக்காகத்தான் பேசியிருக்கிறார். அவருக்கு என் நன்றி!

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாம் இங்கே பேசுவது சட்டமன்ற உறுப்பினர்களைப் பற்றி. நம் மாநிலத்தில் 234 பேர். இவர்களுடைய சொந்தப் பணத்தை நாம் ஏன் பார்க்க வேண்டும்? ‘அடுத்தவன் சட்டைப்பையிலே கைவிடுவது நாகரிகமா?’ என்று எதிரணியிலே அம்மையார் ஒருவர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

ஒரு கல்யாண வீடு. பந்தி நடக்கிறது. பாயசம் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. அவருடைய பேரன் மூன்றாவது இலையிலே உட்கார்ந்திருக்கிறான். கரண்டி எந்த இலையிலே ஆழமாக இறங்கும்? (சிரிப்பு) பெரியப்பா கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தங்கமான மனுஷர். ஆனால் கை அவரைக் கேட்காமலேயே சாயும். ஊருக்குச் செய்ய வேண்டிய கடமையும் தனக்குக் கிடைக்கப்போகும் ஆதாயமும் ஒரே கையிலே வந்து சேரும்போது அந்தக் கை நடுங்கும் பாருங்கள், அதைத்தான் படித்தவர்கள் ‘நலன் முரண்’ என்கிறார்கள். பாயசம் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். பட்ஜெட் என்றால் சிரிக்க முடியுமா?

இரண்டு எம்.எல்.ஏ.க்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவருக்குப் பத்துக் கோடி ரூபாய் சொத்து. தாத்தா வைத்த அரிசி ஆலை, அப்பா வாங்கிய தோப்பு. இன்னொருவருக்கு இரண்டே ஏக்கர். ‘யாரைச் சந்தேகப்பட வேண்டும்?’ என்று கேட்டால் நாம் எல்லோரும் பத்துக் கோடிக்காரரைத்தான் காட்டுவோம். பொறாமை இருக்கிறதல்லவா! (சிரிப்பு) ஆனால் அந்த ஊருக்குப் புறவழிச்சாலை வரப்போகிறது. எந்தப் பக்கமாகப் போட வேண்டும் என்று ஆலோசனைக் கூட்டம். இரண்டு ஏக்கர்க்காரரின் நிலம், உத்தேசப் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இப்போது சொல்லுங்கள், யாரைக் கவனிக்க வேண்டும்? பத்துக் கோடி தூங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு ஏக்கர் முழித்துக்கொண்டிருக்கிறது!

இதுதான் என் கட்சி, நடுவர் அவர்களே. ‘எவ்வளவு வைத்திருக்கிறாய்?’ என்பது பாதிக் கேள்வி. ‘எங்கே வைத்திருக்கிறாய்?’ என்பதுதான் முழுக் கேள்வி. சொத்து வைத்திருப்பது குற்றமல்ல. சொத்து இருக்கும் இடமும் கை தூக்கும் இடமும் ஒன்றாக இருந்தால், அது ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2009-ல் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்த நம் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. அப்படி ஒரு மசோதா வரும்போது, கை தூக்குகிறவர்களிலே யார் யாருக்குச் சொந்தமாகப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள பெற்றோருக்கு உரிமை உண்டா, இல்லையா? பொதுத்துறை நிறுவனங்களைத் தணிக்கை செய்யச் சட்டமன்றத்தில் ஒரு குழு இருக்கிறது. கிரானைட் எடுக்கும் அரசு நிறுவனத்தின் கணக்கு அந்தக் குழுவின் முன்னால் வருகிறது. அந்தக் குழுவிலே கிரானைட் குவாரிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால்? அவர் கேட்கிற கேள்வி ஊருக்காகவா, குவாரிக்காகவா? இதற்கு மனசாட்சி என்ன பதில் சொல்லும்? ‘என்னை நம்புங்கள்’ என்று சொல்லும். வேறென்ன சொல்லும்?

நான் தமிழ் வாத்தியார். சிலம்பைத் தொடாமல் இறங்கினால் வீட்டிலே சோறு கிடைக்காது. (சிரிப்பு)

மதுரையிலே கோவலன் ஏன் கொலையுண்டான்? ஊழ்வினை என்று மேடையிலே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஊழ்வினை இருக்கட்டும். நடந்தது என்ன என்று பாருங்கள். அரசியின் சிலம்பைக் காணோம். அதைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். கோவலன் தன் மனைவியின் சிலம்பை விற்க வந்து அதே ஆளிடம் விலை கேட்கிறான். அவன் நேரே அரசனிடம் போய், ‘கள்வன் அகப்பட்டான்’ என்கிறான். நான் அந்தத் தொழிலைக் குறை சொல்லவில்லை, அந்த ஒரு மனிதனைச் சொல்கிறேன். அவன் யார்? அரண்மனையின் நம்பிக்கைக்கு உரியவன். நகை தெரிந்தவன். நிபுணன்! ஆனால் அந்த வழக்கிலே அவனுக்குச் சொந்த ஆதாயம் இருந்தது. கோவலன் கள்வன் என்று ஆகிவிட்டால் அவன் தப்பித்தான்.

பாண்டியன் கொடுங்கோலனா? இல்லை. தவறு தெரிந்த கணத்திலேயே உயிரை விட்டவன். மனசாட்சி என்றால் அவனுக்கு மேல் யாருக்கு இருந்தது? உயிரையே கொடுக்கிற அளவுக்கு மனசாட்சி! ஆனால் அந்த மனசாட்சி எப்போது வேலை செய்தது? கோவலன் தலை விழுந்த பிறகு! (பலத்த கைதட்டல்) அவன் அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் மதுரை எரிந்திருக்காது. ‘ஐயா பொற்கொல்லரே, இதில் உமக்கு என்ன லாபம்?’ இதுதான் அந்தக் கேள்வி. அவன் கேட்கவில்லை. நிபுணனை நம்பினான்.

கண்ணகி என்ன செய்தாள்? ‘என் மனசாட்சி சொல்கிறது, என் கணவன் நல்லவன்’ என்று அழுதுவிட்டுத் திரும்பினாளா? ‘என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம்’ என்று விவரம் கொடுத்தாள். அரசன், ‘எங்கள் சிலம்பில் இருப்பது முத்து’ என்றான். கொண்டுவந்து வைத்தார்கள். உடைத்துக் காட்டினாள். இதற்குப் பேர் என்ன? தணிக்கை! தமிழ்நாட்டின் முதல் தணிக்கை அதிகாரி கண்ணகி! (கைதட்டல்) மனசாட்சியை வைத்து அவள் வழக்காடியிருந்தால் ஜெயித்திருக்க மாட்டாள். சரக்கை உடைத்துச் சரிபார்த்தாள், ஜெயித்தாள்.

எதிரணி அம்மையார் இன்னொன்றும் சொன்னார்கள். ‘கணக்குக் கேட்டால் நம்பிக்கை செத்துப் போகும். அன்பு இருக்கும் இடத்தில் கணக்கு இருக்காது’ என்றார்கள். அம்மா, உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மொய் நோட்டு வைத்தீர்களா, இல்லையா? (சிரிப்பு) தாய்மாமனைவிட உறவு உண்டா? அவர் 1001 ரூபாய் வைத்தாலும் மைக்கிலே பேர் சொல்லி நோட்டிலே எழுதுகிறோம். ‘மாமா, உங்கள் மேல் சந்தேகம், அதனால் எழுதுகிறோம்’ என்றா அர்த்தம்? எழுதி வைத்தால்தான் நாளைக்கு உறவு கெடாது. எழுதாத வீட்டிலேதான் சண்டை வருகிறது. கணக்கு நம்பிக்கைக்கு எதிரி இல்லை, வேலி.

காய்கறிக் கடையிலே தராசு இருக்கிறது. குறித்த காலத்துக்கு ஒருமுறை அதற்கு முத்திரை போட்டாக வேண்டும். கடைக்காரர் அரிச்சந்திரனாகவே இருக்கட்டும், முத்திரை இல்லாத தராசை வைத்து வியாபாரம் செய்ய முடியாது. ‘என்னையா சந்தேகப்படுறீங்க?’ என்று எந்த அண்ணாச்சியும் கோபித்துக்கொள்வதில்லை. அரசு ஊழியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குமாஸ்தா, ஒரு பள்ளி ஆசிரியர், புறநகரிலே ஒரு மனை வாங்கினால்கூட மேலதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும். நடத்தை விதி அப்படி. கத்தரிக்காய் நிறுக்கிறவருக்கு முத்திரை, சம்பளப் பட்டியல் போடுகிறவருக்கு விதி. லட்சக்கணக்கான கோடி ரூபாய் பட்ஜெட்டுக்குக் கை தூக்குகிறவருக்கு மட்டும் மனசாட்சியா? இது என்ன நியாயம், நடுவர் அவர்களே?

சரி, கணக்குக் கேட்கும் பழக்கம் இந்த நாட்டிலே எப்படி வந்தது? தலைவர்களின் மனசாட்சி விழித்துக்கொண்டு தானாகக் கொடுத்ததா? வரலாற்றைப் பார்ப்போம். 1999-ல் அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு பொதுநல வழக்குப் போட்டார்கள். பாருங்கள், வாத்தியார்கள்தான்! வேட்பாளரின் சொத்து, கடன், குற்ற வழக்கு ஆகியவை வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், ‘ஆம், அது வாக்காளரின் உரிமை’ என்றது. உடனே மனசாட்சி என்ன செய்தது தெரியுமா? அதே ஆண்டிலே ஓர் அவசரச் சட்டம் வந்தது, பிறகு அதுவே திருத்தச் சட்டமாகவும் ஆனது. நீதிமன்றம் என்ன சொல்லியிருந்தாலும் சரி, இந்தச் சட்டத்தில் உள்ளதைத் தவிர வேறு எதையும் வேட்பாளர் சொல்ல வேண்டியதில்லை என்று அதிலே ஒரு பிரிவு. சொத்து விவரமா? ஜெயித்த பிறகு எம்.பி.க்கள் அவைத் தலைவரிடம் கொடுத்தால் போதும்! 2003 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடைப் பிரிவைத் தூக்கி எறிந்தது. அன்றைக்குத் திறந்த கதவுதான் இன்றைக்கு வேட்புமனுவோடு இணைக்கிற பிரமாணப் பத்திரம்.

அதற்குப் படிவம் 26 என்று பெயர். அதிலே வேட்பாளர், மனைவி அல்லது கணவர், அவர்களைச் சார்ந்திருப்பவர்கள் ஆகியோரின் நகை, நிலம், வீடு, கடன் எல்லாம் வர வேண்டும். நிலத்துக்கு சர்வே எண்கூடப் போட வேண்டும். 2019-லிருந்து கடைசி ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானமும் வர வேண்டும். வருமானம் எந்த வழியில் வருகிறது, அரசோடு ஏதாவது ஒப்பந்தம் இருக்கிறதா என்பதையும் எழுத வேண்டும். 2018 பிப்ரவரியில் ஒரு வழக்கிலே உச்ச நீதிமன்றம், வருமானம் வந்த வழியைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பதவிக் காலத்திலே சொத்து எப்படிக் கூடுகிறது என்று பார்க்க நிரந்தர ஏற்பாடு வேண்டும் என்றும் சொன்னது.

அந்த வழக்கு ஏன் வந்தது? ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் நடுவிலே சிலருடைய சொத்து வீங்கிக்கொண்டே போனதால் வந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் 257 எம்.எல்.ஏ.க்களைச் சுட்டிக்காட்டினார்கள். 2017-ல் வருமான வரித்துறை, முதற்கட்டமாகப் பார்த்ததில் 98 எம்.எல்.ஏ.க்களின் சொத்து கணிசமாகக் கூடியிருக்கிறது என்று நீதிமன்றத்திலே சொன்னது. கூடியதெல்லாம் திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன். நில விலை ஏறியிருக்கலாம், வியாபாரம் செழித்திருக்கலாம். ஆனால் அந்த 98 பேர் எப்படிக் கண்ணில் பட்டார்கள்? மனசாட்சி வந்து காட்டிக் கொடுத்ததா? இரண்டு தேர்தலில் அவர்களே கையெழுத்துப் போட்ட இரண்டு காகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான்! (கைதட்டல்)

மனசாட்சி போதும் என்று இன்னும் நினைக்கிறவர்களுக்காக ஒரு வழக்கைச் சொல்கிறேன். நான் கட்சி பேச வரவில்லை. நீதிமன்றப் பதிவிலே இருப்பதை மட்டும் சொல்கிறேன். 1992-ல் டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலம் விற்பனைக்கு வந்தது. அன்றைய முதலமைச்சர் செல்வி ஜெயலலிதா பங்குதாரராக இருந்த நிறுவனங்கள் அதை வாங்கின. விற்பது அரசு நிறுவனம். வாங்குவது அரசின் தலைமையில் இருப்பவரின் நிறுவனம். வழக்கு நடந்தது. 2000-ல் தண்டனை, 2001-ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை, 2003 நவம்பரில் அந்த விடுதலையை உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதை மறைத்துப் பேசினால் நான் வாத்தியாரே இல்லை.

ஆனால் அந்தத் தீர்ப்பிலே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அமைச்சர்களுக்கு ஒரு நடத்தை விதித் தொகுப்பு உண்டு. அரசுச் சொத்தை வாங்காதே என்கிறது அது. அந்தத் தொகுப்பு சட்டம் ஆகாது, அதை வைத்துத் தண்டிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. சொல்லிவிட்டு, மனசாட்சிக்குப் பரிகாரமாக அந்தச் சொத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னது. நாட்டின் உச்ச நீதிமன்றமே சட்டப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மனசாட்சியைக் கூப்பிட வேண்டி வந்தது ஏன்? விதி இருந்தது, விதிக்குப் பல் இல்லை! எதிரணி நண்பர்களே, மனசாட்சியைக் கூப்பிடுகிற இடம் எது தெரிகிறதா? சட்டம் கைவிட்ட இடம். அந்த இடத்தை அடைக்கத்தான் நாங்கள் கணக்குக் கேட்கிறோம்.

‘சட்டம்தான் இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்?’ என்று எதிரணியின் இளைஞர் கேட்டார். இருக்கிறது தம்பி. அரசியல் சட்டத்தின் 191-ஆவது பிரிவு, அரசிலே லாபம் தரும் பதவி வகிப்பவர் எம்.எல்.ஏ.வாக இருக்கக் கூடாது என்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9-ஏ பிரிவு, அந்த அரசுக்குச் சரக்கு தரவோ, அந்த அரசின் வேலையை எடுத்துச் செய்யவோ ஒப்பந்தம் போட்டிருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது அவர் போட்ட ஒப்பந்தத்தைப் பற்றி. ஒப்பந்தம் மச்சான் பேரிலே இருந்தால்? (சிரிப்பு) சிரிக்கிறீர்கள்! மச்சான் என்றாலே உங்களுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது.

இந்த மச்சான் பிரச்சினை இன்று நேற்று வந்ததில்லை. உத்திரமேரூருக்குப் போங்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலே முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. ஆயிரத்து நூறு ஆண்டுப் பழசு. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்திலே படித்திருப்பீர்கள். பானைக்குள் ஓலை போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள் என்பது வரைக்கும்தான் நமக்கு ஞாபகம். யார் பேரைப் பானைக்குள்ளேயே போடக் கூடாது என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரைப் போடக் கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய அப்பா, மகன், அண்ணன் தம்பி, மாமன், மாமனார், மருமகன், மனைவியின் சகோதரன்... மச்சான் இருக்கிறான் ஐயா, கல்வெட்டிலேயே மச்சான் இருக்கிறான்! (பலத்த கைதட்டல், சிரிப்பு)

அது எல்லா மக்களும் வாக்களித்த தேர்தல் அல்ல. அது ஒரு பிராமண ஊர்ச் சபை. நிலம் உள்ளவர், வேதம் கற்றவர் என்று கதவு குறுகலாகத்தான் இருந்தது. அந்தக் குறுகிய கதவை நான் புகழ மாட்டேன். ஆனால் அந்தக் கதவிலே ஒரு பூட்டு போட்டிருந்தார்களே, அது அசல் பூட்டு. கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை. அதைச் சுவரிலே, கல்லிலே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வெட்டி வைத்தார்கள். நாம் கதவை அகலமாக்கிவிட்டோம், சந்தோஷம். பூட்டை எங்கே தொலைத்தோம்?

நம் பூட்டிலே இருக்கிற ஓட்டையைச் சொல்கிறேன், கேளுங்கள். எம்.பி. ஜெயித்து உறுதிமொழி எடுத்ததும் 90 நாளுக்குள் சொத்தையும் கடனையும் அவைத் தலைவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 75-ஏ பிரிவு. எம்.எல்.ஏ.வுக்கு? அந்தச் சட்டத்திலே அப்படி ஒரு பிரிவு இல்லை! மாநிலங்களவையில் உறுப்பினர்களின் நலன்களுக்கென்றே ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். எந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்கும் இயக்குநர், எந்தக் கம்பெனியைக் கட்டுப்படுத்துகிற அளவுக்குப் பங்கு வைத்திருக்கிறார், யாருக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்கிறார் என்றெல்லாம் அதில் எழுத வேண்டும். பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் லோக் ஆயுக்தா சட்டப்படி எம்.எல்.ஏ.க்கள் ஆண்டுதோறும் ஜூன் 30-க்குள் சொத்து விவரம் தாக்கல் செய்ய வேண்டும். ஆக, செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை. செய்ய மனசில்லை. மனசு இருந்தால்தானே மனசாட்சி வரும்? (சிரிப்பு)

எதிரணியின் கடைசி ஆயுதம் பினாமி. ‘கள்ளன் கணக்கிலே எழுதுவானா? டிரைவர் பேரிலே வாங்குவான், தோட்டக்காரன் பேரிலே வாங்குவான், உங்கள் கணக்கு என்ன செய்யும்?’ என்றார்கள். உண்மைதான். கணக்கு எல்லாக் கள்ளனையும் பிடிக்காது. பூட்டும் எல்லாத் திருடனையும் தடுக்காது. அதற்காக இன்று ராத்திரி கதவைத் திறந்து போட்டுத் தூங்குவீர்களா? ஒன்றை மறந்துவிடாதீர்கள். வாய் வார்த்தையாகச் சொன்ன பொய் காற்றிலே போய்விடும். கையெழுத்துப் போட்ட பொய் போகாது. பிரமாணப் பத்திரத்தில் பொய் சொன்னால் 125-ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். தண்டனை போதாது என்று சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் அந்தப் பொய், அவன் கையெழுத்தோடு, ஊருக்குக் கிடைத்த ஒரு சாட்சி. உண்மைக் கணக்கு நல்லவனைக் காக்கும். பொய்க் கணக்கு கெட்டவனைக் காட்டிக்கொடுக்கக் காத்திருக்கும்.

‘இப்படி நோண்டினால் நல்லவர்கள் அரசியலுக்கே வரமாட்டார்களே’ என்றும் ஒரு வருத்தம். நான் தலைகீழாகச் சொல்கிறேன். கணக்கே கேட்காத இடத்திலே நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேருக்கும் ஒரே வேட்டி, ஒரே கும்பிடு, ஒரே சிரிப்பு! நல்லவன் தன்னை நல்லவன் என்று காட்டிக்கொள்ள அவனுக்கு இருக்கிற ஒரே சாட்சி அவன் கணக்கு. அதைப் பிடுங்கிவிட்டு ‘மனசாட்சியைக் காட்டு’ என்றால் அவன் நெஞ்சைக் கிழித்தா காட்டுவான்? அதற்கு அனுமாராக இருக்க வேண்டும். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, நிறைவாக நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. எதிரணியைத் திட்டிவிட்டு நம்மை விட்டுவிட்டால் அது நேர்மையில்லை. வேட்புமனு தாக்கல் நடந்த ஒரு நாளிலே, என் மாணவன் ஒருவனோடு தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அறிவிப்புப் பலகையிலே வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை ஒட்டியிருந்தார்கள். வெளியே மாலை என்ன, மேளம் என்ன, பட்டாசு என்ன! அந்தப் பலகைக்கு முன்னால் நாங்கள் இரண்டே பேர். ஒரு பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். ‘சார், இது முதியோர் பென்ஷன் லிஸ்ட்டா? என் பேரு இருக்கான்னு பாருங்க’ என்றார். ‘இல்லை ஐயா, உங்களுக்குப் பென்ஷன் தரப்போகிறவர்களின் சொத்து லிஸ்ட்’ என்றேன். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, ‘இதை நாமளும் பாக்கலாமா?’ என்று கேட்டார். (அமைதி)

இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. பார்க்கலாமா என்கிறார். பார்க்கத்தான் ஐயா ஒட்டியிருக்கிறது! உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்ச் சண்டை போட்டு வாங்கிய காகிதம். இன்றைக்கு அது கையிலிருக்கிற செல்போனிலேயே, தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலே கிடைக்கிறது. அதே செல்போனிலேதான் பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கினால் என்ன விலை, எத்தனை தவணை என்று தேடுகிறோம். நம் தொகுதிக்காரர் வாங்கிய நிலத்தைத் தேடினோமா?

அடுத்த தேர்தல் வரும்போது ஒன்று செய்யுங்கள். உங்கள் எம்.எல்.ஏ. மறுபடி நின்றால் சென்ற முறை கொடுத்த பத்திரத்தையும் இந்த முறை கொடுத்த பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். என்ன கூடியது? எந்த வழியில் கூடியது? கூடியது எங்கே இருக்கிறது? அந்த ‘எங்கே’யை விட்டுவிடாதீர்கள். சர்வே எண் போட்டிருக்கும். அந்த சர்வே எண்ணுக்குப் பக்கத்திலே இந்த ஐந்து ஆண்டில் என்ன வந்தது? சாலை வந்ததா? பஸ் நிலையம் வந்ததா? சிப்காட் வந்ததா? வந்திருந்தால் திட்டாதீர்கள், கல் எறியாதீர்கள். மரியாதையாக, கைகூப்பி, ஒரு கேள்வி கேளுங்கள். நேர்மையானவர் என்றால் உட்காரவைத்துப் பதில் சொல்வார், காப்பியும் கொடுப்பார். பதில் சொல்லாமல் கோபப்பட்டால், அந்தக் கோபமே பதில்.

ஜெயித்த பிறகும் ஆண்டுதோறும் கணக்கு வேண்டும், ஒவ்வொரு சட்டமன்றத்திலும் நலன் பதிவேடு வேண்டும், தன் தொழிலைத் தொடுகிற மசோதா வந்தால் எழுந்து நின்று ‘எனக்கு இதில் சம்பந்தம் உண்டு’ என்று சொல்லிவிட்டுப் பேச வேண்டும் என்று கேளுங்கள். இதெல்லாம் அவமானம் இல்லை. தராசுக்குப் போடுகிற முத்திரை.

மனசாட்சி உள்ளே எரிகிற விளக்கு. அதை நான் அணைக்கச் சொல்லவில்லை. ஆனால் உள்ளே விளக்கு எரிகிறதா இல்லையா என்று தெருவிலே நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் தெரியும். அந்த ஜன்னலுக்குப் பேர்தான் கணக்கு. பாண்டியன் கேட்கத் தவறிய கேள்வியை, 234 தொகுதியிலும் ஒவ்வொரு வாக்காளரும் கேட்கட்டும். ‘ஐயா, இந்தத் தீர்மானத்தில் உங்களுக்கு என்ன லாபம்?’ அந்தக் கேள்விக்குப் பயப்படாதவரே நம் பிரதிநிதி.

ஆகவே, மக்கள் பிரதிநிதியின் நேர்மைக்குக் காவல் கணக்கே, கணக்கே, கணக்கே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, எனக்குக் கொடுத்த நேரத்துக்கும் சரியாகக் கணக்குக் காட்டி விடைபெறுகிறேன்.